கல்விக் கடன் இணைக் கையொப்பமும் வசூல் அச்சுறுத்தலும்

கல்விக் கடன் இணைக் கையொப்பம் என்பது, மாணவர் ஒருவர் வங்கியில் பெறும் கல்விக் கடனுக்கு அவருடைய பெற்றோரோ உறவினரோ வேறொருவரோ தாமும் பொறுப்பேற்றுக் கடன் ஆவணத்தில் கையெழுத்திடுவதாகும். பேச்சு வழக்கில் இது ஜாமீன் கையெழுத்து என்று அழைக்கப்படுகின்றது. மாணவர் தவணை தவறும்போது, வங்கியோ அதன் வசூல் முகவரோ கையெழுத்திட்டவரிடமும் பணத்தைக் கேட்கலாம். இவ்வாறு கேட்பது சில வேளைகளில் மிரட்டலாக மாறுவதுண்டு.

இந்தியச் சட்டத்தின்படி இதில் இரண்டு தனித்தனிச் செய்திகள் உள்ளன. கையெழுத்திட்டவரின் கடன் பொறுப்பு உண்மையானது. முகவர் தவறாக நடந்துகொண்டார் என்பதால் அது நீங்கிவிடாது. அதேபோல, கடன் நிலுவையில் உள்ளது என்பதால் மிரட்டுவதற்கு எவருக்கும் உரிமை கிடைத்துவிடாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால், அச்சத்தில் இயலாத தொகைக்கு ஒப்புக்கொள்வோரும் உண்டு. கோபத்தில் வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமலே விட்டுவிடுவோரும் உண்டு. இரண்டுமே குடும்பத்திற்கு இழப்பையே தருகின்றன.

பின்னணி

தமிழ்நாட்டில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. கட்டணம் செலுத்த இயலாத நடுத்தர, ஏழைக் குடும்பங்களுக்கு வங்கிக் கடனே வழியாக அமைந்தது. இந்திய வங்கிகள் சங்கம் உருவாக்கிய மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைப் பின்பற்றுமாறு 2001 இல் இந்திய ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அதன் பின்னர் கல்விக் கடன் வேகமாகப் பரவியது. இக்கடனை மிகுதியாகப் பெற்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் கேரளமும் குறிப்பிடத்தக்கவை.

இத்திட்டத்தில் கையெழுத்திடுவோரின் நிலை கடன் தொகையைப் பொறுத்து வகுக்கப்பட்டது.

- ரூபாய் 4 இலட்சம் வரை: சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவர்.
- ரூபாய் 4 இலட்சத்திற்கு மேல் 7.5 இலட்சம் வரை: பெற்றோருடன் மூன்றாம் நபர் ஒருவரின் பிணையும் கோரப்பட்டது.
- ரூபாய் 7.5 இலட்சத்திற்கு மேல்: வீடு, மனை, வைப்புத்தொகை போன்ற சொத்துப் பிணை தேவை.

2015 இல் நடுவண் அரசு கல்விக் கடன்களுக்கான கடன் உறுதி நிதியத்தை ஏற்படுத்தியது. இதன் கீழ் வரும் ரூபாய் 7.5 இலட்சம் வரையிலான கடன்களுக்கு மூன்றாம் நபர் பிணை தேவையில்லை. கடன் வாராது போனால் வங்கியின் இழப்பில் 75 விழுக்காட்டை நிதியம் ஈடுசெய்யும். இந்த ஈடு வங்கிக்கு உரியதேயன்றிக் கடனாளிக்கு உரியதன்று. நிதியம் பணம் கொடுத்த பின்னரும் மாணவரும் இணைக் கடனாளியும் கடனுக்குப் பொறுப்பானவர்களாகவே இருப்பர்.

படிப்புக் காலத்திலும் அதன் பின் ஓராண்டு வரையிலும் தவணை செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் அக்காலத்திற்கும் வட்டி கணக்கிடப்படுகின்றது. படிப்பு முடிந்து வேலை தேடும் வேளையில், வாங்கிய தொகையைவிடக் கணக்கில் உள்ள தொகை கூடியிருப்பதைக் கண்டு பல குடும்பங்கள் திகைப்பதற்கு இதுவே காரணம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூபாய் 4.5 இலட்சத்திற்கு உட்பட்டிருப்பின், இக்காலத்து வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டில் தொடங்கப்பட்டது.

இணைக் கடனாளியும் பிணையாளரும்

இவ்விரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கப்பட்டாலும் சட்டத்தில் வேறுபட்டவை. இணைக் கடனாளி தாமே கடன் வாங்கியவராகக் கருதப்படுகின்றார். பணம் கல்லூரிக்குச் சென்றிருந்தாலும், படித்தது மகனோ மகளோ ஆயினும், முழுத் தொகைக்கும் அவர் பொறுப்பாவார். பிணையாளர் என்பவர் பிறர் கடனைத் தீர்க்கத் தவறினால் தாம் தீர்ப்பதாக உறுதியளித்தவர்.

பிணை ஒப்பந்தத்தை 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 126 ஆம் பிரிவில் வரையறுக்கின்றது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, பிணையாளரின் பொறுப்பு முதன்மைக் கடனாளியின் பொறுப்புக்கு இணையானது என்று 128 ஆம் பிரிவு கூறுகின்றது. "முதலில் படித்தவனிடம் கேளுங்கள், அவன் தராவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று பிணையாளர் கூற முடியுமா என்ற கேள்வி, பீகார் வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் எழுந்தது. முதன்மைக் கடனாளியிடம் எல்லா வழிகளையும் முயன்ற பின்னரே பிணையாளரை நாட வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1969 இல் வெளியான தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்ற இத்தீர்ப்பு இன்றும் மேற்கோளாகக் காட்டப்படுகின்றது.

அதே சட்டம் பிணையாளருக்குச் சில பாதுகாப்புகளையும் தருகின்றது.

- பிணையாளரின் இசைவின்றி வங்கியும் கடனாளியும் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மாற்றினால், அம்மாற்றத்திற்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கல்களுக்குப் பிணையாளர் பொறுப்பாகார் (பிரிவு 133). வங்கிகளின் அச்சிட்ட படிவங்களில் இதற்கு முன்கூட்டியே இசைவு பெறப்படுவதுண்டு. எனவே கையெழுத்திட்ட ஆவணத்தின் படி ஒன்றை வைத்திருப்பது இன்றியமையாதது.
- கடனைச் செலுத்திய பிணையாளர், அதுவரை வங்கிக்கு இருந்த உரிமைகளைத் தாம் பெறுகின்றார் (பிரிவு 140).
- முறையாகச் செலுத்திய தொகையை முதன்மைக் கடனாளியிடமிருந்து திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு (பிரிவு 145).
- பிணையாளர்கள் பலர் இருப்பின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அவர்கள் சுமையைச் சமமாகப் பகிர வேண்டும் (பிரிவு 146).

வாராக் கடன் ஆகும் முறை

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் வங்கி அக்கணக்கை வாராக் கடனாக வகைப்படுத்துகின்றது. இச்செய்தி கடன் தகவல் நிறுவனங்களுக்குச் செல்கின்றது. மாணவரின் பதிவில் மட்டுமன்றி இணைக் கடனாளி, பிணையாளர் ஆகியோரின் பதிவுகளிலும் இது இடம்பெறும். மகனின் தவணை நின்றதால் தந்தைக்கு வீட்டுக் கடன் மறுக்கப்படுவது இவ்வாறே நிகழ்கின்றது.

இதன் பின்னர் வங்கி வசூலைத் தன் முகவரிடம் ஒப்படைக்கலாம். அல்லது கடனையே சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கலாம். விற்கப்பட்டாலும் கடனின் தன்மை மாறுவதில்லை. வாங்கிய நிறுவனம் வங்கிக்கு இருந்த உரிமைகளை மட்டுமே பெறுகின்றது. புதிய அதிகாரம் எதையும் பெறுவதில்லை.

மதுரை நிகழ்வு, 2016

பாரத ஸ்டேட் வங்கி தனது வாராக் கல்விக் கடன்களில் ஒரு பகுதியை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது தமிழ்நாட்டில் பெரும் விவாதத்திற்கு உள்ளானது. 2016 சூலையில் மதுரையைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வசூல் முகவர்களின் நெருக்குதலே இதற்குக் காரணம் என அவருடைய குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். மாணவர் அமைப்புகளும் அரசியல் கட்சிகளும் போராட்டங்களை நடத்தின. அரசு வங்கி மாணவருக்குக் கொடுத்த கடனைத் தனியார் நிறுவனம் வசூலிப்பது முறையா என்ற கேள்வி அப்போது பரவலாக எழுப்பப்பட்டது.

வசூல் முகவர்களுக்கான விதிகள்

வசூல் முகவர்களின் நடத்தை பற்றி உச்ச நீதிமன்றம் 2007 இல் ஐசிஐசிஐ வங்கி தொடர்பான வழக்கொன்றில் கடுமையாகக் கருத்துத் தெரிவித்தது. கடனை மீட்பது சட்ட வழியில் மட்டுமே நிகழ வேண்டும் என்றும், ஆள்பலத்தைப் பயன்படுத்தி வசூலிக்கக் கூடாது என்றும் அது கூறியது. 2008 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி முகவர்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- முகவரின் விவரத்தை வங்கி கடனாளிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.
- முகவர் அடையாள அட்டையையும் வங்கியின் அதிகாரக் கடிதத்தையும் உடன் கொண்டுவர வேண்டும்.
- முகவர்கள் உரிய பயிற்சி பெற்றுச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.
- கடனாளி அளித்த முறையீடு தீர்க்கப்படும் வரை அக்கணக்கை முகவரிடம் அனுப்பக் கூடாது. முறையீடு வீணானது என வங்கி உறுதியாகக் கருதினால் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.
- முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பாகும்.

2022 ஆகத்து மாதத்தில் ரிசர்வ் வங்கி இவற்றை மேலும் வலியுறுத்தி, வங்கிகளுடன் வங்கியல்லாத நிதி நிறுவனங்கள், சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகத் தொலைபேசியில் அழைப்பதை அது தடை செய்தது. சொல்லாலோ செயலாலோ மிரட்டுதல், பலர் முன்னிலையில் இழிவுபடுத்துதல், குடும்பத்தினர், நண்பர்கள் ஆகியோரின் தனிமையில் தலையிடுதல், தகாத குறுஞ்செய்தி அனுப்புதல், பெயர் கூறாமல் அழைத்தல், பொய்யான தகவல் கூறுதல் ஆகியனவும் தடை செய்யப்பட்டன.

இவ்விதிகளின்றியும் மிரட்டல் ஒரு குற்றமே. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 351 ஆம் பிரிவு குற்றமுறு மிரட்டலைத் தண்டனைக்குரியதாக்குகின்றது. தற்கொலைக்குத் தூண்டுதல் 108 ஆம் பிரிவில் அடங்கும். 2025 இல் தமிழ்நாடு சட்டமன்றம், கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூல் நடவடிக்கைகளைத் தடுப்பதற்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது.

வழக்கமான மிரட்டல்களும் சட்ட நிலையும்

"சிறைக்கு அனுப்புவோம்": கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமை குற்றமன்று. உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றும் கட்டத்தில் சிறைக்கு அனுப்ப உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் பணம் இருந்தும் தீய நோக்குடன் செலுத்த மறுப்பவருக்கே அது பொருந்தும். வறுமையின் காரணமாகச் செலுத்த இயலாதவரைச் சிறையிலடைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1980 இல் கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. கடன் பெறும்போது போலி ஆவணம் கொடுத்திருந்தால் அது வேறு. அது மோசடிக் குற்றமாகும்.

"வீட்டுப் பொருட்களை எடுத்துச் செல்வோம்": நீதிமன்ற ஆணையின்றி முகவர் எவரும் பொருட்களைக் கைப்பற்ற முடியாது. வீடு அல்லது மனை அடமானமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் நிலை வேறு. அப்போது 2002 ஆம் ஆண்டு சர்பாசி சட்டத்தின்படி 60 நாள் அறிவிப்புக்குப் பின் வங்கி அச்சொத்தைக் கையகப்படுத்தலாம். அந்நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் 45 நாட்களுக்குள் முறையிடலாம். அடமானம் இல்லாத சிறு கடன்களுக்கு இச்சட்டத்தைப் பயன்படுத்த இயலாது.

"சம்பளத்தை நிறுத்திவிடுவோம்": வழக்குத் தொடர்ந்து தீர்ப்புப் பெற்ற பின்னரே சம்பளத்தைப் பற்றுகை செய்ய முடியும். அப்போதும் மாதச் சம்பளத்தில் முதல் 1000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் பற்றுகைக்கு உட்படா.

"ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்வோம்": அரசு ஓய்வூதியமும் பணிக்கொடையும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவின்படி பற்றுகையிலிருந்து விலக்கப்பட்டவை. ஓய்வுக்காலப் பயன்கள் வைப்புத்தொகையாக மாற்றப்பட்டாலும் அப்பாதுகாப்பை இழப்பதில்லை என்று பஞ்சாப் நேசனல் வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது.

"இப்போதே இதில் கையெழுத்திடுங்கள்": கடனை மீட்க வழக்குத் தொடர்வதற்குப் பொதுவாக 3 ஆண்டுக் காலவரையறை உண்டு. அக்காலம் முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து புதிய காலவரையறை தொடங்கும். எனவே முகவர் நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடுவது பிற்காலத்தில் விளைவுகளை ஏற்படுத்தக் கூடும்.

முத்தாபுதுப்பேட்டையும் ஆவடி வட்டாரமும்

மேற்கூறிய சட்ட நிலைகள் ஒரு வட்டாரத்தில் எவ்வாறு பொருந்துகின்றன என்பதற்கு முத்தாபுதுப்பேட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இது சென்னைக்கு மேற்கே ஆவடி விமானப்படை நிலையத்தை அடுத்துள்ள பகுதியாகும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை ஆகியன உள்ளன. இத்தொழிற்சாலைகள் 2021 அக்டோபரில் அரசு நிறுவனங்களாக மாற்றியமைக்கப்பட்டன. முத்தாபுதுப்பேட்டையிலும் ஆவடியைச் சுற்றியும் பொறியியல் கல்லூரிகள் அமைந்துள்ளன.

இத்தகைய வட்டாரத்தில் இணைக் கையொப்பமிடும் பெற்றோருள் தொழிற்சாலைப் பணியாளர்களும் முன்னாள் படைவீரர்களும் அடங்குவர். பிள்ளையின் படிப்பு முடிந்து தவணை தொடங்கும் காலமும் பெற்றோர் ஓய்வுபெறும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வரக் கூடும். எனவே ஓய்வூதியத்தைப் பற்றிய மிரட்டல் இங்கு எளிதில் அச்சத்தை விளைவிக்கும். சட்டம் ஓய்வூதியத்தைக் காக்கின்றது. ஆயினும் அது கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. அதே தந்தையின் பெயரில் உள்ள வேறு சொத்துகளுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

மிரட்டல் பற்றிய புகாரை இப்பகுதியினர் முத்தாபுதுப்பேட்டை காவல் நிலையத்தில் அளிக்கலாம். இது 2022 சனவரியில் உருவாக்கப்பட்ட ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லையில் உள்ளது. கட்டணமற்ற சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும், வரையறுக்கப்பட்ட வருமானத்திற்கு உட்பட்டோரும் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவ்வுதவியைப் பெறத் தகுதியுடையவர்கள்.

அச்சுறுத்தலை எதிர்கொள்ளும் முறை

பொதுவாக மேற்கொள்ளப்படும் நடவடிக்கைகள் பின்வரும் வரிசையில் அமைகின்றன.

1. கடன் யாரிடம் உள்ளது என்பதை உறுதிசெய்தல். வங்கிக் கிளையில் கணக்கு விவரம் பெற்று, அசல், வட்டி, அபராதம் ஆகியவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும். கடன் விற்கப்பட்டிருந்தால் அதற்கான அறிவிப்பைக் கேட்க வேண்டும். இது தெளிவாகும் முன் முகவரிடம் ரொக்கமாகப் பணம் கொடுப்பது இடருடையது.
2. பதிவுகளைச் சேர்த்தல். அழைப்பு வந்த நாள், நேரம், எண், பேசியவர் கூறிய பெயர் ஆகியவற்றைக் குறித்தல்; குறுஞ்செய்திகளை அழிக்காதிருத்தல்; வீட்டிற்கு வருபவரின் அடையாள அட்டையையும் அதிகாரக் கடிதத்தையும் கேட்டல்.
3. வங்கிக்கு எழுத்து மூலம் முறையிடுதல். முறையீட்டில் முகவரின் செயலைப் பற்றிய புகாரும், கடனைப் பற்றிய முன்மொழிவும் தனித்தனியாக இருப்பது நன்று. ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும்.
4. வங்கி 30 நாட்களுக்குள் விடையளிக்காவிடினும், அளித்த விடை நிறைவு தராவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடுதல். 2021 நவம்பரில் பல்வேறு குறைதீர்ப்புத் திட்டங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. இது பற்றிய தகவலுக்கு 14448 என்ற எண் உள்ளது.
5. உடலுக்கோ மானத்திற்கோ தீங்கு செய்வதாக மிரட்டல் வந்தால், வங்கியின் விடைக்குக் காத்திராமல் உடனே காவல் நிலையத்தில் புகார் அளித்தல்.

கடனைப் பொறுத்தவரை, தவணைக் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைத்தல், வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் ஒருமுறைத் தீர்வு, மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆகிய வழிகள் உள்ளன. மக்கள் நீதிமன்றத்தின் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு இணையானது. அதன் மீது மேல்முறையீடு இல்லை. எனவே செலுத்த இயலும் தொகைக்கு மட்டுமே அங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறைத் தீர்வு ஏற்பட்டால் நிலுவை எதுவுமில்லை என்னும் சான்றிதழ் பெறுவதும், அதில் பிணையாளரின் விடுவிப்பும் குறிப்பிடப்படுவதும் தேவையானவை.

2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களின்போது கல்விக் கடன் குறித்த வாக்குறுதிகள் தேர்தல் அறிக்கைகளில் இடம்பெற்றன. இத்தகைய அறிவிப்பை நம்பித் தவணையை நிறுத்துவதில் இடர் உண்டு. அரசாணை வெளியாகி வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும் வரை வட்டி தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும்.

கடன் நெருக்குதலால் மன உளைச்சலுக்கு உள்ளாவோர் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், நடுவண் அரசின் 14416 என்ற எண்ணிலும் உளநல ஆலோசனை பெறலாம்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் தனியார் கல்விக் கடன்களுக்கு இணைக் கையொப்பம் பெறுவது வழக்கம். அங்கு 1977 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வசூல் முகவர்களின் மிரட்டலைத் தடை செய்வதுடன், காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் அழைப்பதைக் கட்டுப்படுத்துகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் அரசின் மாணவர் கடனுக்குப் பிணையாளர் தேவையில்லை. மாணவர் வேலைக்குச் சென்று குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதியம் பெறும்போது மட்டும், அதில் ஒரு பங்கு பிடித்தம் செய்யப்படுகின்றது.

இந்தியாவில் மாணவருக்கு வேலை கிடைக்காமல் போகும் இடர் முதலில் குடும்பத்தின் மீதே விழுகின்றது. தந்தையோ தாயோ கையெழுத்திடும் நாளில் அந்த இடரின் அளவு எவருக்கும் தெரிவதில்லை. அதனால் கையெழுத்திடும் முன், தாம் இணைக் கடனாளியா பிணையாளரா, எத்தொகை வரை பொறுப்பு, எப்போது விடுவிப்பு என்னும் மூன்றையும் ஆவணத்தில் பார்த்துக்கொள்வது பிற்காலத்தில் பெரும் பயனளிக்கும்.